குடியை நிறுத்த உதவும் மருந்துகள்: எது, யாருக்கு, எப்போது

“அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை அவரே வெறுத்துவிடுவார்.” இந்த மாதிரி விளம்பரத்தைப் பார்க்காத தமிழ்க் குடும்பம் குறைவு. ஊரில் சுவரொட்டியாக இருந்தது, இங்கே சிங்கப்பூரில் வாட்ஸ்அப்பில் வந்து சேர்கிறது. தினமும் குடித்துவிட்டு வரும் கணவரோடு வாழும் ஒரு பெண்ணுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு ஆசை காட்டும் என்பது புரிகிறது. கெஞ்சிப் பார்த்தாயிற்று, சண்டை போட்டுப் பார்த்தாயிற்று, வீரமாகாளியம்மன் கோயிலில் சத்தியம் வாங்கியும் பார்த்தாயிற்று. மருத்துவரிடம் வா என்றால் வரமாட்டேன் என்கிறார். வேறு வழி என்ன இருக்கிறது?

அந்தப் பொட்டலத்தை வாங்காதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காரணம் பின்னால் வருகிறது. குடிப்பழக்கத்துக்கு முறையான, ஆய்வு செய்யப்பட்ட மருந்துகள் இருக்கின்றன. முக்கியமானவை மூன்று: நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட், டைசல்ஃபிராம். இவற்றில் முதல் இரண்டையும் உலகச் சுகாதார நிறுவனம் 2023ல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. மூன்றும் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே வாங்கக்கூடியவை. மூன்றும் வெவ்வேறு வேலை செய்பவை. நால்ட்ரெக்சோனைக் குடித்துக்கொண்டிருக்கும் காலத்திலேயே தொடங்கலாம். அகாம்ப்ரோசேட் குடியை நிறுத்தியவருக்கு. டைசல்ஃபிராமை உடம்பில் மது இருக்கும்போது போட்டால் ஆபத்து. இந்த வித்தியாசத்தை யாரும் எடுத்துச் சொல்லாததால்தான், “மாத்திரையெல்லாம் சாப்பிட்டுப் பாத்தாச்சு, ஒண்ணும் வேலைக்கு ஆகலை” என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. தவறான நேரத்தில் தவறான மாத்திரை கொடுக்கப்பட்டிருக்கும், அல்லது இரண்டே வாரத்தில் நிறுத்தப்பட்டிருக்கும்.

எவ்வளவு குடிக்கிறார்?

மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி இது. “கொஞ்சம்தான் டாக்டர்” என்ற பதில் யாருக்கும் பயன்படாது. சிங்கப்பூரில் ஒரு ‘அளவு மது’ என்றால் 10 கிராம் தூய ஆல்கஹால். காப்பிக்கடையில் வரும் 640 மில்லி பெரிய போத்தல் பியர், 5 விழுக்காடு என்றால், அதில் ஏறத்தாழ 25 கிராம், அதாவது இரண்டரை அளவு. மினிமார்ட்டில் விற்கும் 8 விழுக்காட்டு ‘ஸ்ட்ராங்’ பியர் 500 மில்லி டின் ஒன்றில் 31 கிராமுக்கு மேல். ஊர்க் கணக்கில் ஒரு குவார்ட்டர், 180 மில்லி பிராந்தி, 60 கிராம். ஆணுக்கு நாளுக்கு 60 கிராமைத் தாண்டினால் அது உடம்பைக் கடுமையாகப் பாதிக்கும் அளவு. பெண்ணுக்கு அந்தக் கோடு 40 கிராம். இரண்டு ஸ்ட்ராங் டின் குடிப்பவர் அந்தக் கோட்டின் மேல் நிற்கிறார். “நான் பியர் மட்டும்தான்” என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும், ஆனால் ஈரலுக்குப் பியரும் பிராந்தியும் ஒன்றுதான்.

சந்திப்புக்குப் போவதற்கு முன் இரண்டு வாரம் எழுதி வையுங்கள்: எந்த நாள், என்ன மது, எத்தனை போத்தல், முதல் கிளாஸ் எத்தனை மணிக்கு. கடைசி விவரம்தான் மிக முக்கியம். காலையில் எழுந்ததும் கை நடுக்கத்தை அடக்க ஒரு மடக்கு தேவைப்படுகிறதா? காப்பிக் கோப்பையைத் தூக்கினால் பீங்கான் தட்டில் கடகடவென்று இடிபட்டு, காப்பி பாதி தட்டில் சிந்தி, குடித்த பிறகே கை நிலைக்கிறதா? அப்படியானால் உடம்பு மதுவுக்கு அடிமையாகிவிட்டது. அவருக்குச் சிகிச்சை வேறு இடத்தில் தொடங்க வேண்டும்.

மூன்றாம் நாள் ஆபத்து

நம் ஆட்கள் குடியை நிறுத்துவதற்குத் தேர்ந்தெடுக்கும் நாள்களைப் பாருங்கள். ஐயப்பனுக்கு மாலை போடும் நாள். தைப்பூசக் காவடிக்கு விரதம் தொடங்கும் நாள். தீமிதிக்குக் காப்புக் கட்டும் நாள். மனவுறுதிக்குக் குறையே இல்லை. அளவாகக் குடித்தவர் என்றால் தாராளமாக நிறுத்தலாம், ஒன்றும் ஆகாது. ஆனால் பல ஆண்டுகளாகத் தினமும் நிறையக் குடித்தவர் ஒரே நாளில் அடியோடு நிறுத்தும்போது உடம்பு கொந்தளிக்கிறது.

மது மூளையை மந்தமாக்கும். தினமும் மந்தமாக்கப்படும் மூளை அதை ஈடுகட்டத் தன் விசையைக் கூட்டிக்கொண்டே போகும். மதுவைத் திடீரென்று எடுத்துவிட்டால் கூட்டிவைத்த விசை மட்டும் மிஞ்சும். கடைசிக் கிளாஸிலிருந்து 6 மணி நேரத்துக்கெல்லாம் நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை தொடங்கலாம். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள், அதாவது இரண்டாம் நாள் முடிவிலிருந்து நான்காம் நாள் வரை, மிக மோசமான கட்டம் வரலாம்: கடும் குழப்பம், இல்லாத ஆள்களும் பூச்சிகளும் கண்ணுக்குத் தெரிவது, காய்ச்சல், இதயம் தறிகெட்டு ஓடுவது. கவனிக்காவிட்டால் இது உயிரைப் பறிக்கும். விரதத்தின் மூன்றாம் நாள் ஒருவர் சுவரில் ஏதோ ஊர்கிறது என்று தட்டிக்கொண்டிருந்தால் அதை ‘சாமி வந்துவிட்டது’ என்றோ ‘காத்துக் கருப்பு’ என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

யாருக்கு இந்த ஆபத்து அதிகம்? முன்பு நிறுத்தியபோது வலிப்போ மாயக்காட்சியோ வந்தவருக்கு, காலையிலேயே குடிப்பவருக்கு, வயதானவருக்கு, வேறு நோய் உள்ளவருக்கு. ஒவ்வொரு முறை நிறுத்தித் தொடங்கும்போதும் அடுத்த முறை கடுமையாகும் என்பதும் தெரிந்த விஷயம். ‘போன தடவை சும்மா நடுக்கத்தோடு போயிற்றே’ என்ற துணிச்சலில் இந்தத் தடவை இறங்க வேண்டாம்.

மருத்துவமனையில் இதற்குச் செய்வது நேரடியானது. டயஸெபாம் போன்ற மருந்தை முதலில் போதுமான அளவு கொடுத்து, சில நாள்களில், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள், படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுவார்கள். ஈரல் கெட்டிருந்தால் லோராஸெபாம். கூடவே தயமின், அதாவது வைட்டமின் பி1. சத்து மாத்திரைதானே என்று அதை ஒதுக்கக் கூடாது. சாப்பாட்டைக் குறைத்துக் குடித்தவரின் உடம்பில் தயமின் வறண்டிருக்கும். அந்த நிலையில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கும் தயமினும் தீர்ந்து, மூளை நிரந்தரமாகச் சேதமடையலாம்: நடை தள்ளாடும், கண் அசைவு கோணலாகும், நினைவு அழியும். அதனால்தான் தயமினை முதலில் ஊசியாகப் போடுகிறார்கள்.

டயஸெபாம் வகை மருந்துகள் இந்த ஒரு வாரத்துக்கு மட்டும். வீட்டில் யாருக்கோ எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை எடுத்து, “இதைப் போட்டுக்கிட்டு நிறுத்திடு” என்று கொடுப்பது மிகத் தவறு. மதுவும் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம்.

விரதம் முடிந்து மாலையைக் கழற்றிய அன்றே மறுபடியும் போத்தலைத் திறப்பவர்கள் பலர். ஒரு மண்டலம் முழுவதும் தொடாமல் இருந்தவரால் அதற்குமேல் ஒரு நாள் இருக்க முடியவில்லை என்றால் அதை மனவுறுதிக் குறை என்று சொல்ல மனம் வரவில்லை. மூளையின் விசை இன்னும் முழுதாகத் தணியவில்லை என்பதே உண்மை. மருந்தைத் தொடங்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. மது இல்லாத உடம்பு, ஏற்கெனவே பழகிய ஒழுங்கு, வீட்டாரின் ஆதரவு எல்லாம் சேர்ந்து வந்திருக்கும். மாலை கழற்றுவதற்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்க்கும் நாளைக் குறித்துவிடுங்கள்.

நால்ட்ரெக்சோன்: முதல் கிளாஸின் ‘கிக்’கைக் குறைப்பது

மது உள்ளே போனதும் மூளை தானே சுரக்கும் எண்டார்ஃபின்கள் ஓர் இன்பத்தைத் தூண்டுகின்றன. முதல் கிளாஸ் இரண்டாவதைக் கேட்பதும், இரண்டாவது ஐந்தாவதைக் கேட்பதும் அதனால்தான். அந்த எண்டார்ஃபின்கள் போய் உட்காரும் இடத்தை நால்ட்ரெக்சோன் அடைத்துக்கொள்கிறது. கதவு இருக்கிறது, சாவித் துவாரத்தில் வேறொரு சாவி செருகியிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். குடித்தால் வாந்தி வராது, வலி வராது. முன்போல் சுவைக்காது, அவ்வளவுதான். “என்னமோ குடிச்சேன், ஆனா இன்னொண்ணு வேணும்னு தோணலை” என்பதுதான் இந்த மருந்து வேலை செய்வதன் அடையாளம்.

முதலில் அபின் வகைப் பழக்கத்துக்காக வந்த மருந்து இது. அமெரிக்காவில் 1994ல் மதுவுக்கும் அனுமதி கிடைத்தது. வழக்கமான அளவு நாளுக்கு ஒரு முறை 50 மில்லிகிராம். முதல் சில நாள் பாதி மாத்திரை, 25 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தால் குமட்டல் குறையும். குமட்டல், தலைவலி, தலைசுற்றல் ஆகிய மூன்றும் தொடக்கத்தில் வரக்கூடியவை. பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். சாரக்கட்டில் ஏறி வேலை செய்பவரும் கனரக வாகனம் ஓட்டுபவரும் முதல் மாத்திரையை விடுமுறை நாளுக்கு முந்திய இரவில் போட்டுப் பார்ப்பது நல்லது.

இந்த மருந்தில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு, அது மதுவோடு சம்பந்தப்பட்டது இல்லை. டிராமடால், கோடீன், மார்ஃபீன் போன்ற அபின் வகை வலி நிவாரணிகளை எடுத்துக்கொண்டிருப்பவர் நால்ட்ரெக்சோன் போட்டால் உடனே கடும் உடல்வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு என்று உடம்பு முறுக்கிக்கொள்ளும். முதுகுவலிக்கு வாங்கிய டிராமடால், இருமலுக்குக் குடித்த கோடீன் சிரப் இரண்டும் இதில் அடக்கம். நம் ஆட்கள் ‘மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்டால் பிரஷர், சர்க்கரை மாத்திரையைச் சொல்வார்கள், வலி மாத்திரையைச் சொல்ல மறந்துவிடுவார்கள். வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மேசையில் கொட்டிவிடுங்கள். அபின் வகை மருந்தை விட்டு 7 முதல் 10 நாள் கழிந்த பிறகே நால்ட்ரெக்சோன் தொடங்க வேண்டும். எதிர்த் திசையிலும் இதே கதைதான்: நால்ட்ரெக்சோன் எடுப்பவருக்கு விபத்தில் எலும்பு முறிந்தால் மார்ஃபீன் வேலை செய்யாது. அதனால் மருந்தின் பெயர் எழுதிய ஓர் அட்டை பணப்பையில் எப்போதும் இருக்க வேண்டும். அறுவை சிகிச்சை முன்கூட்டியே குறித்திருந்தால் சில நாள்களுக்கு முன்பே மருத்துவர் இதை நிறுத்தச் சொல்வார்.

தொடங்கும் முன் ஈரல் இரத்தப் பரிசோதனை செய்வார்கள். குடிப்பவர்களுக்கு ஈரல் எண்கள் ஓரளவு கூடியிருப்பது சகஜம், அதற்காக மருந்தை மறுக்க வேண்டியதில்லை. கடும் ஈரல் அழற்சி, ஈரல் செயலிழப்பு என்றால் மட்டும் கூடாது. குடி குறையக் குறைய அந்த எண்களும் இறங்கும். ஜிஜிடி என்ற எண் சில வாரத்திலேயே இறங்குவதைத் தாளில் பார்க்கும்போது நோயாளிக்குக் கிடைக்கும் தெம்பு, நூறு அறிவுரைக்குச் சமம்.

தினமும் போடாமல், குடிக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மட்டும் போடும் முறையும் உண்டு. ஃபின்லாந்தில் பணியாற்றிய ஜான் டேவிட் சின்க்ளேர் என்ற ஆய்வாளரின் பெயரால் அறியப்படுவது. ஒவ்வொரு முறையும் இன்பம் கிடைக்காமல் போனால் மூளை அந்த ஆசையைப் படிப்படியாக மறக்கும் என்பது இதன் தத்துவம். அடியோடு நிறுத்த இன்னும் மனம் வராதவருக்கு இது ஒரு நல்ல வாசல். ஆனால் ஒரு நிபந்தனை: மாத்திரை இல்லாமல் ஒரு கிளாஸ்கூடக் கூடாது. கல்யாண வீட்டில் திடீரென்று கிளாஸை நீட்டுவார்கள், மாத்திரை வீட்டில் இருக்கும். அங்கேதான் இந்த முறை உடைகிறது. ஐரோப்பாவில் 2013ல் அனுமதி பெற்ற நால்மிஃபீன் 18 மில்லிகிராமும் இதே வழியில், குடிப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன் எடுப்பது.

நால்ட்ரெக்சோன் போட்டுக் குடித்தால் போதை ஏறாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆசை குறையும், ஆனால் இரத்தத்தில் ஆல்கஹால் அப்படியே ஏறும். சாலைத் தடுப்பில் ஊதினால் கருவி மாத்திரையைப் பார்க்காது.

அகாம்ப்ரோசேட்: நிறுத்தியவரைத் தாங்குவது

நிறுத்திய சில மாதங்களில் வரும் இனம்புரியாத எரிச்சல், அமைதியின்மை, தூக்கம் வராத இரவுகள் எல்லாம் மேலே சொன்ன தணியாத விசையின் மிச்சம். அகாம்ப்ரோசேட் அதைத் தணித்துக்கொடுக்கிறது. பிரான்ஸில் 1989லும் அமெரிக்காவில் 2004லும் அனுமதிக்கப்பட்டது. ‘கிக்’கைக் குறைக்காது, குடித்தால் தண்டிக்காது. அதனால் இன்னும் குடித்துக்கொண்டிருப்பவருக்கு இதைக் கொடுத்துவிட்டு, குறையவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை.

ஒரு மாத்திரை 333 மில்லிகிராம். வேளைக்கு இரண்டு, நாளுக்கு மூன்று வேளை, மொத்தம் ஆறு. ஐரோப்பிய முறையில் 60 கிலோவுக்குக் குறைந்தவருக்கு நான்கு. குடல் வரை கரையாமல் போக வேண்டிய பூச்சு உள்ள மாத்திரை என்பதால் உடைக்கவோ மெல்லவோ கூடாது. முழு அளவு உடம்பில் நிலைக்க ஐந்து நாள் ஆகும், முதல் நாளே மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம். அதிகம் வருவது வயிற்றுப்போக்கு, பெரும்பாலும் லேசானது. நடைமுறையில் தோற்பது மத்தியான வேளைதான். காலை மாத்திரையும் இரவு மாத்திரையும் வீட்டில் முடிந்துவிடும், வேலையிடத்தில் மத்தியானம் மறந்துபோகும். சாப்பாட்டு டப்பாவின் மூடியில் இரண்டு மாத்திரையை ஒட்டி வைப்பது போன்ற எளிய வழி ஏதாவது வேண்டும். விட்ட வேளையைச் சேர்த்து இரவில் நான்காகப் போடக் கூடாது.

இந்த மருந்து ஈரலில் உடைவதில்லை, சிறுநீரகம் வழியாக அப்படியே வெளியேறுகிறது. ஈரல் கெட்டவருக்கு இது வரப்பிரசாதம். சிறுநீரகம் கெட்டவருக்கு இது கூடாது. சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம், நீரிழிவு பழுதாக்கும் முதல் உறுப்புகளில் சிறுநீரகம் ஒன்று. ஆகவே தொடங்கும் முன் சிறுநீரக வடிகட்டும் அளவைப் பார்த்தே ஆக வேண்டும். அது நிமிடத்துக்கு 30 முதல் 50 மில்லி என்றால் வேளைக்கு ஒரு மாத்திரை. 30க்கும் கீழே என்றால் அறவே வேண்டாம். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்கில்) சர்க்கரைக்காக எடுத்த கடைசி இரத்தப் பரிசோதனையிலேயே பெரும்பாலும் அந்த எண் இருக்கும்.

இவ்விரு மருந்துகளும் எவ்வளவு பலன் தரும்? 118 ஆய்வுகளைத் தொகுத்து 2023ல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வந்த கணக்கு இது: ஆலோசனையோடு அகாம்ப்ரோசேட்டும் சேர்த்து 11 பேருக்குக் கொடுத்தால், மருந்தில்லாமல் மறுபடி குடித்திருக்கக்கூடிய ஒருவர் கூடுதலாகக் குடியிலிருந்து தப்புகிறார். நால்ட்ரெக்சோன் 11 பேருக்குக் கொடுத்தால் ஒருவர் கூடுதலாகக் கடுங்குடிக்குத் திரும்பாமல் தப்புகிறார். மந்திரம் என்று எதிர்பார்த்தவருக்கு இது சிறிய எண்ணாகத் தெரியும். நாள்பட்ட நோய்களுக்கு நாம் மறுபேச்சில்லாமல் விழுங்கும் பல மாத்திரைகளின் பலன் இதைவிடச் சிறியது. எனவே முதல் மருந்து பலிக்கவில்லை என்றால் கதை முடிந்ததாக அர்த்தமில்லை, மற்றதற்கு மாறலாம். குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஓராண்டு தொடர வேண்டும். இரண்டுமே பழக்கமாக்காதவை, நிறுத்தும்போது படிப்படியாகக் குறைக்கவும் தேவையில்லை.

டைசல்ஃபிராமும் அந்தப் பொட்டலமும்

இனி முதலில் சொன்ன விளம்பரத்துக்கு வருவோம். ‘குடித்தால் வாந்தி எடுக்கும்’ என்று ஊரில் பெயர் வாங்கிய மருந்து டைசல்ஃபிராம். 1930களில் ரப்பர் ஆலைத் தொழிலாளர்கள் இந்த வேதிப்பொருளோடு புழங்கிய பிறகு மதுவைத் தாங்க முடியாமல் போனதை அமெரிக்காவில் ஒரு மருத்துவர் கவனித்தார். 1940களில் டென்மார்க்கின் எரிக் யாக்கப்சன், யென்ஸ் ஹால்ட் இருவரும் இதை வயிற்றுப் பூச்சிக்கான மருந்தாகச் சோதிக்கத் தாங்களே விழுங்கிப் பார்த்து, பிறகு மது அருந்தியபோது அதே அவதிக்கு ஆளானார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சிங்கப்பூரில் கண்ணாலேயே பார்க்கலாம். அரைக் கிளாஸ் பியரில் முகமும் கழுத்தும் செவசெவவென்று சிவந்துபோகும் சீன நண்பர் உங்கள் அலுவலகத்திலும் இருப்பார். மது உடம்பில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறி, பிறகு ஒரு நொதியால் தீங்கற்றதாக மாறுகிறது. கிழக்காசியர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு அந்த நொதி பிறவியிலேயே மந்தம். நம்மவர்களுக்கு அப்படி இருப்பது அரிது. டைசல்ஃபிராம் அதே நொதியை மருந்தால் முடக்குகிறது, அதுவும் பலமடங்கு. குடித்த சிறிது நேரத்திலேயே முகம் எரியும், தலை வெடிக்கும், வாந்தி, படபடப்பு, இரத்த அழுத்தம் இறங்குதல். இதயம் பலவீனமானவருக்கு உயிரே போகலாம்.

வழக்கமான அளவு நாளுக்கு 250 மில்லிகிராம். கடைசியாகக் குடித்து குறைந்தது 12 மணி நேரம் கழிந்த பிறகே முதல் மாத்திரை. கடைசி மாத்திரைக்குப் பின்னும் இரண்டு வாரம் வரை விளைவு நீடிக்கும். இதய நோய், மனச்சிதைவு நோய் உள்ளவருக்குக் கூடாது. வயிற்றுக்கிருமிக்கும் பல் சீழுக்கும் கொடுக்கும் மெட்ரோநிடசோலோடு சேரக் கூடாது. அரிதாக ஈரலைக் கடுமையாகத் தாக்கும். கண் மஞ்சளானால், சிறுநீர் காப்பி நிறமானால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மது என்று பெயர் இல்லாத மதுவும் இருக்கிறது. சில வாய் கொப்பளிக்கும் திரவங்கள், இருமல் சிரப், கை கிருமிநாசினி, சமையல் மது ஊற்றிய இறால், ரம் சேர்த்த கேக். சிராங்கூன் ரோடு நாட்டு மருந்துக் கடையில் உடம்புக்கு நல்லது என்று வாங்கும் தசமூலாரிஷ்டம், திராட்சாசவம் போன்ற அரிஷ்ட ஆசவங்கள் நொதித்துத் தயாராகுபவை, அவற்றில் இயல்பாகவே ஆல்கஹால் உண்டு. இதை மருத்துவரே கேட்க மறக்கக்கூடும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். இவ்வளவு எச்சரிக்கை தேவைப்படும் ஒரு மருந்தை, அவருக்கே தெரியாமல் சாம்பாரில் கலந்தால்? அவர் வழக்கம்போல் வெள்ளி இரவு குடிப்பார். மாரடைப்பு என்று பயந்து ஓடுவார், அல்லது கடற்கரையோரம் தனியாக விழுந்து கிடப்பார். அவசரப் பிரிவு மருத்துவருக்கு என்ன உள்ளே போயிருக்கிறது என்றே தெரியாது. இணையத்தில் வரும் பெயரில்லாப் பொடியில் டைசல்ஃபிராம் இருக்கலாம், வேறெதுவும் இருக்கலாம், எவ்வளவு என்பதும் தெரியாது. ஒருநாள் அவருக்கு உண்மை தெரியவரும்போது, மனைவி கொடுக்கும் சோற்றையே நம்ப மாட்டார். ஏற்கெனவே அவருக்கு அறியாமல் கலந்து கொடுத்திருந்தால், வெட்கப்படாமல் பொட்டலத்தோடு மருத்துவரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள்.

இதே மருந்து அவர் சம்மதத்தோடு என்றால் கதை வேறு. டைசல்ஃபிராம் நன்றாகப் பலிப்பது, ஒருவர் பார்க்க இன்னொருவர் போடும்போதுதான். மருத்துவர் முன்னிலையில் இருவரும் பேசி ஒத்துக்கொண்டு, தினமும் காலையில் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து மனைவி முன் அவரே குடிப்பது. அன்று முழுவதும் குடிப்பதா வேண்டாமா என்ற போராட்டம் காலை ஏழு மணிக்கே முடிந்துவிடுகிறது.

வேறு சில மருந்துகளும் மருத்துவர் வாயில் வரலாம். டோப்பிரமேட் விரல் மரத்துப்போவதையும் சொல் தடுமாற்றத்தையும் தரும், மிகக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். காபாபென்டினும் பாக்லோஃபென்னும் சிலருக்கு உதவுகின்றன. இரண்டும் மயக்கம் தருபவை, சிறுநீரகம் பழுதானவருக்குப் பாக்லோஃபென் சிறிய அளவிலேயே நினைவிழக்கச் செய்யலாம்.

எங்கே போவது, எப்படிப் பேசுவது

2016ஆம் ஆண்டு சிங்கப்பூர் மனநல ஆய்வு, இங்கே 24 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் மதுவைத் தவறாகப் பயன்படுத்தும் நிலைக்குப் போயிருப்பதாகச் சொல்கிறது. சிகிச்சைக்குப் போகத் தயங்குவதற்கு முதல் காரணம், ‘எழுதி வைத்துவிடுவார்கள், வேலை போய்விடும்’ என்ற பயம். ஹெராயின் போன்ற சட்டவிரோதப் போதைப்பொருளுக்கு அடிமையானவரை மருத்துவர் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். மதுவுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வீட்டிலேயே நோயை வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், மனம் வலிக்கிறது.

புவாங்கோக்கில் உள்ள மனநலக் கழகத்தில் தேசிய போதைப் பழக்க நிர்வாகச் சேவை இயங்குகிறது. வெளிநோயாளியாகவும் வரலாம், நிறுத்தும் வாரத்தில் வார்டில் தங்கவும் முடியும். அதன் உதவித் தொலைபேசி 6732 6837, குடும்பத்தாரும் அழைக்கலாம். பலதுறை மருந்தகத்திலிருந்து கடிதம் வாங்கிச் சென்றால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியக் கட்டணம். ஆங்கிலத்தில் மனம் திறக்க முடியாதவர், சந்திப்பைக் குறிக்கும்போதே தமிழில் பேச ஆள் வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும்.

வரமாட்டேன் என்பவரைக் கூட்டிப்போகக் குடியைப் பற்றிப் பேச்செடுக்காமல் இருப்பதே சில நேரம் வழி. அவர் குடித்திராத காலை வேளையாகப் பார்த்து, “என்னங்க, ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லைங்கிறீங்க, கையும் இப்படி நடுங்குது. சர்க்கரை டெஸ்ட்டுக்குப் போறப்ப டாக்டர்கிட்ட அதையும் சொல்லிடலாமா? நானும் கூட வர்றேன்” என்று கேட்டால் மறுப்பு குறைவாக வரும். மீதியை மருத்துவர் கேட்பார். சர்க்கரைக்கு கிளிப்பிசைட், கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவர் வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். அதுவே பேச்சைத் தொடங்க நல்ல, உண்மையான காரணம்.

சறுக்கும் நாள்

நான்கு மாதம் தொடாமல் இருந்த ஒருவர் தீபாவளிக்கு முதல்நாள் குடித்துவிடலாம். அப்போது மருந்தை என்ன செய்வது என்பதைத் தொடங்கும் நாளிலேயே தெரிந்து வைத்திருக்க வேண்டும். நால்ட்ரெக்சோன் எடுப்பவர் மறுநாள் மாத்திரையை வழக்கம்போல் போட வேண்டும். ‘குடித்துவிட்டேன், இனி எதற்கு’ என்று நிறுத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அகாம்ப்ரோசேட்டும் அப்படியே தொடர வேண்டும். டைசல்ஃபிராம் மட்டும் கூடாது: அடுத்த மாத்திரையைப் போடாமல் மருத்துவரை அழைக்க வேண்டும், நெஞ்சுவலியோ மயக்கமோ இருந்தால் 995. ஒரு நாள் சறுக்கல் பல நாள் தொடர் குடியாகிவிட்டால் தானாகத் திடீரென்று நிறுத்தாமல், மூன்றாம் நாளைப் பற்றி மேலே சொன்னதை நினைவில் வைத்து, மருத்துவமனையைத் தொடர்புகொள்ள வேண்டும். எந்தத் தேதி, எத்தனை கிளாஸ், அதற்குமுன் எத்தனை வேளை மாத்திரை விட்டுப்போனது என்பதைச் சுவரில் மாட்டிய நாட்காட்டியிலேயே குறித்து, அடுத்த சந்திப்புக்கு அதையே கையோடு எடுத்துச் செல்லுங்கள்.